வெனிஃபிஸ்: நஞ்சா, சூனியமா? வழக்கொழிந்த சொல்லைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

பவளமல்லி

ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரௌன் 1646-இல் வெளியிட்ட 'சூடோடாக்சியா எபிடெமிகா'வின் ஐந்தாம் புத்தகத்தில் மக்களிடம் புழங்கிய நம்பிக்கைகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. கால்மேல் கால் போட்டு உட்காருவதும், இரு கை விரல்களையும் சீப்புப் போல் கோத்துக்கொள்வதும் ஆகாது என்று சொல்கிறார்களே, அதைப் பற்றி. இது பழைய 'வெனிஃபிஷஸ்' வழக்கம் என்றும், ஹெர்குலிஸின் தாய் அல்க்மீனாவுக்குப் பிரசவம் ஆகவிடாமல் ஜூனோ தெய்வம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்றும் எழுதுகிறார்.

ஆங்கில அகராதியில் 'வெனிஃபிஸ்' என்று பார்த்தால் நஞ்சிடுதல், சூனியம் என்று இரண்டு பொருளும் ஒரே வரியில் இருக்கின்றன. 'வெனிஃபிஷஸ்', 'வெனிஃபிஷல்', 'வெனிஃபிகல்' எல்லாம் அதன் பிள்ளைகள். நான்குமே வழக்கொழிந்தவை. 'வெனம்' என்றால் விஷம் என்று தெரிந்தவர்கள் 'நச்சு வழக்கம்' என்றுதான் முதலில் எழுதுவார்கள். ஆனால் விரல் கோப்பதில் நஞ்சு எங்கே வந்தது? மொழிபெயர்க்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது? லத்தீனும் சட்ட வரலாறும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடுதேடி

பிரௌனை விட்டுவிட்டு, ரோம எழுத்தாளர் பிளினியைத் திறங்கள். 'இயற்கை வரலாறு' 28-ஆம் புத்தகம். கர்ப்பிணியின் பக்கத்திலோ, யாருக்காவது வைத்தியம் நடக்கும்போதோ, விரல்களைச் சீப்புப் போல் பின்னிக்கொண்டு உட்காருவது 'வெனேஃபிகியும்' என்று அங்கே நேராகவே இருக்கிறது. ஹெர்குலிஸைப் பெற்றபோது அல்க்மீனா பட்ட பாட்டில்தான் இது தெரியவந்தது என்பதும் அங்கேயே உண்டு. கோத்த கையை முழங்காலைச் சுற்றிப் போட்டால் இன்னும் மோசமாம். தளபதிகளும் அதிகாரிகளும் கூடும் சபையில் இப்படி உட்காரக் கூடாது, நடக்கிற காரியம் எல்லாம் தடைபடும் என்று முன்னோர் விலக்கினார்கள் என்றும் சேர்க்கிறார்.

ஆக, பிரௌன் புதிதாக எதையும் சொல்லவில்லை. லத்தீன் சொல்லுக்கு ஆங்கில வால் ஒட்டியிருக்கிறார். பிளினி எழுதிய முதல் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லுக்கு உள்ளே ஒரு சொட்டு நஞ்சும் தேவைப்படவில்லை. முடிச்சுப் போட்டால் கட்டு விழும், விரலைக் கோத்தால் கருப்பை வாய் கட்டுண்டு போகும் என்ற நம்பிக்கை அது. 'நச்சு வழக்கம்' என்று எழுதினால் வாசகர் தவறான இடத்துக்குத்தான் போவார்.

இன்னொரு இடம்: ஆங்கில நாடகாசிரியர் பென் ஜான்சன் 1609 பிப்ரவரி 2 அன்று வைட்ஹாலில் அரசி ஆனுக்காக அரங்கேற்றிய 'மாஸ்க் ஆஃப் குவீன்ஸ்' என்ற அரண்மனை நாடகம். சூனியக்காரிகள் மேடைக்கு வருகிறார்கள். சிலர் தலையில் எலி, சிலர் தோளில் எலி, இடுப்பில் தைலச் சிமிழ். கையில் நூல் கதிர், கஞ்சிரா, கிலுகிலுப்பை, 'மற்ற வெனிஃபிகல் கருவிகள்'. அவற்றைக் கொண்டு அவர்கள் செய்வது குழப்பமான சத்தம் மட்டும். கிலுகிலுப்பையில் விஷம் இல்லையே! அங்கே அந்தச் சொல்லுக்கு 'சூனியத்துக்குரிய' என்பது மட்டும்தான் பொருள்.

வேர்ச்சொல்

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் தெளியும். 'வெனேனும்' என்ற பெயரும் 'செய்தல்' என்ற வினையும் சேர்ந்தது 'வெனேஃபிகியும்'. முறைப்படி 'வெனேனிஃபிகியும்' என்றுதான் வந்திருக்க வேண்டும். அடுத்தடுத்து வந்த இரண்டு 'ன'கர அசையில் ஒன்று விழுந்துவிட்டது. 'ஸ்டிப்பிபெண்டியும்' என்று இருக்க வேண்டியது 'ஸ்டிப்பெண்டியும்' ஆனதும் இப்படித்தான். அதனால்தான் லத்தீனில் இரண்டாம் அசை நெடில். 'பெனஃபிகியும்' என்ற சொல்லில் அதே இடம் குறில். பார்க்க ஒன்று போல இருந்தாலும் பிறப்பு வேறு.

'வெனேனும்' என்பதும் ஆரம்பத்தில் விஷம் இல்லை. வீனஸ் தெய்வத்தின் பெயர் எந்த வேரிலிருந்து வந்ததோ அதே 'விரும்பு' என்ற வேர்தான் இதற்கும் என்று பெரும்பாலான மொழியியலாளர் கொள்கிறார்கள். அதாவது முதலில் அது ஆசையைக் கிளப்பும் பானம். பிறகு ஆளை மாற்றும் எந்தச் சரக்கும். கடைசியில்தான் விஷம்.

தேடுகிறவர்களுக்கு நடைமுறை எச்சரிக்கை:

'வெனிஃபிஷல்' என்று தேடினால் தேடுபொறி அதை 'பெனிஃபிஷல்' என்று தானே திருத்திவிடும். 'வெனிஃபிஸ்' என்று தேடினால் திருச்சபை மானியத்தைக் குறிக்கும் 'பெனிஃபிஸ்' வந்து குவியும். இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, 'இதே சொல்' என்ற தெரிவையும் இயக்குங்கள். 17-ஆம் நூற்றாண்டு அச்சில் நீள 'எஸ்'ஸும் 'எஃப்'பும் ஏறக்குறைய ஒரே வடிவம். எழுத்துணரி நிரல் நடு 'எஃப்'பை 'எஸ்' என்று படித்து 'வெனிசிஷஸ்' என்று பதிந்துவிடும். அந்தத் தப்பான வடிவத்தையும் தேடிப் பார்ப்பது நல்லது. லத்தீன் மூலம் தேடும்போது, சில நவீனப் பதிப்புகள் 'வி' எழுத்தையே பயன்படுத்தாமல் 'யு' போட்டிருக்கும். இரண்டு விதமாகவும் தேடாவிட்டால் பாதி மேற்கோள் கைக்கு வராது.

நச்சியல்

மொழி ஆராய்ச்சி சரி. ஆனால் இதை வைத்து 'ரோமருக்கு நஞ்சும் மந்திரமும் ஒன்றே' என்று முடித்துவிடுவதை ஏற்க முடியாது. ரோமில் நடந்த வழக்குகளில் பல நேரடியான விஷ வழக்குகள். ரோம வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் கி.மு. 331 விவகாரத்தைப் பாருங்கள். ஊரில் பெரிய மனிதர்கள் ஒரே மாதிரி நோயில் அடுத்தடுத்துச் சாகிறார்கள். ஓர் அடிமைப் பெண் வந்து துப்புச் சொல்கிறாள். உயர்குடிப் பெண்கள் 20 பேர் சரக்குக் காய்ச்சிக்கொண்டிருந்தது பிடிபடுகிறது. கொர்னேலியா, செர்கியா என்ற இருவர் 'இது மருந்து' என்று சாதிக்கிறார்கள். 'அப்படியானால் நீங்களே குடியுங்கள்' என்கிறார்கள். குடித்தார்கள், செத்தார்கள். கடைசியில் 170 பெண்களுக்குத் தண்டனை. இதில் மந்திரம் எங்கே?

முறைமன்றம்

நச்சியல், அந்தக் கதையை லிவியே தயங்கித்தான் சொல்கிறார். எல்லா ஆசிரியர்களும் இதை எழுதவில்லை, அந்த ஆண்டின் சாவுகளுக்குக் கொள்ளைநோய் காரணம் என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறார். 'வெனேஃபிகியும்' பற்றி ரோமில் நடந்த முதல் விசாரணை அது என்றும் குறிக்கிறார். கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டில் மருந்து காய்ச்சிய பெண்கள் மீது பழி விழுந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. ஆனால் கேள்வி சொல்லைப் பற்றியது என்பதால் சட்டத்துக்குப் போவோம்.

கி.மு. 81-இல் ரோமின் சர்வாதிகாரி சுல்லா கொண்டுவந்த கொர்னேலியச் சட்டம் கத்திக்காரர்களையும் வெனேஃபிகியும் செய்பவர்களையும் ஒரே தலைப்பில் போட்டது. கொல்வதற்காகச் சரக்கைத் தயாரித்தாலும், விற்றாலும், வாங்கினாலும், வைத்திருந்தாலும், கொடுத்தாலும் குற்றம். ஆள் சாக வேண்டும் என்று இல்லை.

பிறகு வந்த சட்ட அறிஞர்கள்தான் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினார்கள். மார்கியானுஸ் சொல்வது பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பான 'டைஜெஸ்ட்' 48-ஆம் புத்தகத்தில் இருக்கிறது: சட்டம் 'கெட்ட வெனேனும்' என்று சொல்வதாலேயே கெடாத வெனேனுமும் உண்டு என்று ஆகிறது. அது நடுநிலைச் சொல். குணமாக்கச் செய்தது, கொல்லச் செய்தது, காதலுக்காகச் செய்தது மூன்றும் அதில் அடங்கும். காயுஸும் இதையே சொல்கிறார்: வெனேனும் என்று சொல்கிறவன் நல்லதா கெட்டதா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தும் வெனேனும்தான்.

அதே பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த பட்டியல் ஒன்று இருக்கிறது. சாயமும் சரக்கும் விற்கும் கடைக்காரர்கள் கவனமில்லாமல் யாருக்காவது எடுத்துக் கொடுத்துவிட்டால் அவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். எந்தெந்தச் சரக்கு? ஹெம்லாக், சாலமாண்டர், அகோனைட், பைன்மரக் கம்பளிப்புழு, மாண்ட்ரேக், காந்தாரிஸ் வண்டு. இந்த வரிசையில் மாண்ட்ரேக்கும் காந்தாரிஸ் வண்டும் காம மருந்தாகப் பெயர் பெற்றவை. கடைப்பலகையில் விஷமும் வசியமும் பக்கத்துப் பக்கத்துப் புட்டியில்தான் இருந்தன.

மந்திரம் எங்கே என்று கேட்டீர்கள். கயுஸ் ஃபூரியுஸ் கிரேசிமுஸ் வழக்கில். விடுதலை பெற்ற அடிமை. சின்ன நிலத்தில் பக்கத்துப் பண்ணைகளைவிட அதிகம் விளைத்தான். பிறர் விளைச்சலை 'வெனேஃபிகியும்' செய்து தன் வயலுக்கு இழுத்துக்கொள்கிறான் என்று குற்றச்சாட்டு. பயிரை மந்திரித்துக் கவர்வது ரோமின் மிகப் பழைய சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே குற்றம். அவன் என்ன செய்தான்? வாட்டசாட்டமான வேலையாட்கள், நன்றாகச் செய்த இரும்புக் கருவிகள், கனத்த மண்வெட்டிகள், எடை மிகுந்த கொழுக்கள், வயிறு நிறையத் தின்ற எருதுகள் எல்லாவற்றையும் மன்றத்துக்குள் ஓட்டிவந்து, 'குடிமக்களே, இவைதான் என் வெனேஃபிகியும். நள்ளிரவு உழைப்பையும் வியர்வையையும் இங்கே கொண்டுவர முடியவில்லை' என்றான். ஒருமனதாக விடுதலை. பிளினி 18-ஆம் புத்தகம். இதில் யாரும் எதையும் குடிக்கவில்லை.

நச்சியல்

கிரேசிமுஸ் வழக்கை ஏற்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே சொல்லுக்குள் ஏன் வந்தன என்பதற்கு உடலியல் காரணமும் உண்டு. அதையும் இழையில் வையுங்கள்.

ஹென்பேன், பெல்லடோனா, மாண்ட்ரேக், நம் ஊர் ஊமத்தை எல்லாம் கத்தரிக் குடும்பம். இவற்றில் இருப்பவை அட்ரோபின், ஹையோசயமின், ஸ்கோபோலமின். அசிடைல்கோலின் என்ற நரம்புச் செய்தியாளை வாங்கும் ஏற்பிகளை இவை அடைத்துவிடும். எச்சில் வற்றி வாய் ஒட்டும். வியர்க்காது, அதனால் உடம்பு கொதிக்கும். கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும். நாடி ஓடும். சிறுநீர் நிற்கும். அதன் பிறகு வருவதுதான் முக்கியம்: காற்றில் எதையோ பிடுங்குவது, இல்லாத ஆளோடு பேசுவது, தெளிந்ததும் ஒன்றும் நினைவில்லாமல் இருப்பது. பார்க்கிறவர்களுக்கு இது விஷம் என்று தோன்றாது, 'ஏறிவிட்டது' என்றுதான் தோன்றும். மயக்கத்தின் உள்ளடக்கமும் பேய் பிடித்தவர் நடத்தையும் இவ்வளவு ஒத்துப்போனால் இரண்டு சொல் எதற்கு?

ஜான்சன் நாடகத்தின் தைலச் சிமிழும் வெறும் கற்பனை என்று சொல்ல முடியாது. ஸ்கோபோலமின் தோல் வழியாக உள்ளே போகும். பயணக் குமட்டலுக்குக் காதின் பின்னால் ஒட்டும் பட்டை மூன்று நாளில் மொத்தம் 1 மில்லிகிராம் அளவே வெளிவிட்டு வேலை செய்கிறது. ஆண்ட்ரெஸ் லகுனா என்ற மருத்துவர், 1545-இல் மெட்ஸ் நகரில் சூனியக்காரர்கள் என்று பிடிபட்டவர்களிடம் இருந்த பச்சைத் தைலத்தை ஒரு பெண்ணின் உடம்பில் தடவிப் பார்த்ததாகவும், அவள் 36 மணி நேரம் தூங்கியதாகவும் எழுதினார். சூனியக்காரிகள் பறந்தார்கள் என்பதற்கு எல்லாம் இதை ஆதாரமாக்கக் கூடாது. தைலச் செய்முறைகள் பெரும்பாலும் அவர்களின் எதிரிகள் எழுதி வைத்தவை.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஊமத்தையில் செடிக்குச் செடி, காய்க்குக் காய் ஆல்கலாய்டு அளவு மாறும். 'கொஞ்சம்தானே' என்ற கணக்கே அங்கே செல்லாது. யாராவது உட்கொண்டுவிட்டால் மோர், புளித்தண்ணீர் என்று நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

யாத்திராகமம்

பைபிள் வழியாகவும் இது தமிழுக்கு வந்திருக்கிறது. கலாத்தியர் 5:20-இல் கிரேக்க மூலம் 'ஃபார்மகெயா'. வல்காட்டா என்ற லத்தீன் பைபிளில் 'வெனேஃபிகியா'. நம் தமிழ் வேதாகமத்தில் 'பில்லிசூனியம்'. ஆக இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு.

யாத்திராகமம் 22:18 இன்னும் பெரிய சண்டை. 'சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்.' 1563-இல் மருத்துவர் யோஹான் வையர், 1584-இல் ஆங்கிலேயர் ரெஜினால்ட் ஸ்காட் இருவரும், அந்த எபிரேயச் சொல் நஞ்சிடுகிறவரையே குறிக்கிறது, ஆகவே அப்பாவிக் கிழவிகளைச் சூனியக்காரி என்று கொல்வதற்கு இந்த வசனம் ஆதாரமாகாது என்று வாதாடினார்கள். வையர் தன் நூலின் தலைப்பிலேயே 'வெனேஃபிகியும்' போட்டிருக்கிறார்.

வேர்ச்சொல்

அந்த வாதம் இன்றும் இணையத்தில் 'மூலத்தில் விஷக்காரி என்றுதான் இருக்கிறது' என்று சுற்றுகிறது. அதை அப்படியே எடுக்காதீர்கள். எபிரேய வேருக்கு நெருங்கிய உறவான அக்காடியச் சொல் 'கிஷ்பு'. அதற்குச் சூனியம் என்பதே பொருள். ஹமுராபி சட்டத்தின் இரண்டாம் விதியே ஒருவன் மீது கிஷ்புக் குற்றம் சாட்டுவதைப் பற்றியதுதான். விஷம் என்ற நிழல், எபிரேயத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'ஃபார்மகோஸ்' என்று போட்டதால் விழுந்தது. கிரேக்கத்தில் 'ஃபார்மகோன்' மருந்து, நஞ்சு, வசியம் மூன்றும்தான். வையரும் ஸ்காட்டும் உயிரைக் காப்பாற்ற எழுதினார்கள். அந்த நோக்கத்துக்குத் தலைவணங்குகிறேன். சொல்லாராய்ச்சி மட்டும் அவர்கள் பக்கம் இல்லை.

பிளேட்டோ 'சட்டங்கள்' நூலின் 11-ஆம் புத்தகத்தில் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஃபார்மகெயா இரண்டு வகை என்கிறார்: பொருளால் உடலுக்குக் கேடு செய்வது ஒன்று, மந்திரத்தாலும் கட்டுகளாலும் பயமுறுத்துவது மற்றது. முதல் வகையை மருத்துவன் செய்தால் மரணம், இரண்டாவதை மந்திரவாதி செய்தால் மரணம். தொழில் தெரியாத ஆள் செய்தால் தண்டனையை நீதிமன்றம் முடிவு செய்யும். தெரிந்து செய்தானா என்பதுதான் அவருக்கு அளவுகோல்.

பவளமல்லி

அளவுகோல் என்றதும் ஒரு கேள்வி. வசியம் என்று நம்பிக் கொடுத்து ஆள் செத்துப்போனால்? நோக்கம் காதல், விளைவு கொலை. சட்டம் என்ன சொன்னது?

முறைமன்றம்

ஏதென்ஸும் ரோமும் எதிரெதிராகச் சொன்னன. அரிஸ்டாட்டில் பெயரில் வரும் 'மாக்னா மோராலியா'வில் ஒரு வழக்கு: ஒருத்தி காதல் மருந்து கொடுத்தாள், அவன் செத்தான். ஏதென்ஸின் அரியோபாகஸ் மன்றம் அவளை விடுவித்தது. அன்பால் கொடுத்தாள், கொல்ல நினைக்கவில்லை என்று. ரோமின் சட்ட அறிஞர் பவுலுஸ் நேர்மாறு: கருக்கலைக்கும் பானமோ காதல் பானமோ கொடுப்பவர்கள், தீய எண்ணம் இல்லாவிட்டாலும், அது கெட்ட முன்னுதாரணம் என்பதால் எளியவர்களானால் சுரங்கத்துக்கு, மேல்தட்டானால் சொத்தில் ஒரு பகுதி பறிமுதலோடு தீவுக்கு. ஆள் செத்தால் உயிர்த்தண்டனை.

இங்கிலாந்தில் இதே கேள்வி 1752-இல் வந்தது. மேரி பிளாண்டி வழக்கு. 'வெனிஃபிஸ்' என்ற சொல் ஏறக்குறையச் செத்துப்போயிருந்த காலம் அது. ஆனால் அந்தச் சொல் குறித்த செயல் அப்படியே நடந்தது.

ஹென்லி ஊர் வழக்கறிஞர் பிரான்சிஸ் பிளாண்டியின் மகள் மேரி. அவளை விரும்பிய கேப்டன் கிரான்ஸ்டௌனுக்கு ஸ்காட்லாந்தில் ஏற்கெனவே மனைவி உண்டு. அப்பாவுக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று. கிரான்ஸ்டௌன் மேரிக்கு ஸ்காட்லாந்துக் கூழாங்கல் நகைகளோடு பொடிப் பொட்டலம் அனுப்பினான். மேலே எழுதியிருந்தது 'கூழாங்கல்லைத் துலக்கும் பொடி'. அது வசியப் பொடி, அப்பாவுக்குக் கொடுத்தால் கிரான்ஸ்டௌன் மீது பாசம் வரும் என்று நம்பித்தான் கொடுத்தேன் என்பது மேரியின் வாக்குமூலம். முதலில் தேநீரில், பிறகு கஞ்சியில்.

கஞ்சிச் சட்டியின் அடியில் வெள்ளையாக மணல்போல் ஏதோ படிந்திருப்பதைப் பணிப்பெண் சூசன் கன்னெல் கவனித்தாள். கழுவிக் கொட்டாமல் எடுத்து வைத்து மருந்துக்கடைக்காரர் கைக்குப் போகும்படி செய்தாள். மேரி அடுப்பில் எறிந்த காகிதக் கட்டிலிருந்து பொடி மடித்த தாளையும் பணிப்பெண்கள் எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டும் இல்லையென்றால் வழக்கே இல்லை. 1751 ஆகஸ்ட் 14-இல் தந்தை இறந்தார்.

நச்சியல்

இங்கே மருத்துவர் அந்தோனி அடிங்டன் செய்த சோதனைகளைச் சேர்க்க வேண்டும். நீதிமன்றத்தில் ஆர்செனிக்கை வேதியியலால் காட்ட முயன்ற முன்னோடிச் சாட்சியம் இதுதான்.

பொடியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் போட்டார். தீப்பற்றவில்லை. அடர்ந்த வெண்புகையாக முழுதும் எழுந்தது, பூண்டு நாற்றம் அடித்தது, மேலே பிடித்த குளிர்ந்த இரும்பில் வெள்ளையாகப் பூத்தது. அடுத்து 10 கிரெய்ன், அதாவது 0.65 கிராம் அளவு பொடியை 4 அவுன்ஸ் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஐந்து சம பங்காக ஐந்து கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினார். ஒன்றில் நவச்சார ஸ்பிரிட், ஒன்றில் டார்ட்டர் காரநீர், ஒன்றில் கந்தக அமிலம், ஒன்றில் உப்பு அமிலம், ஒன்றில் வயலெட் பூப் பாகு. இதே ஐந்தையும் கடையில் வாங்கிய வெள்ளைப் பாஷாணத்திலும் (வெள்ளை ஆர்செனிக்) செய்தார். இரண்டு வரிசையும் ஒன்றுபோலவே மாறின.

இதில் ஓட்டை எங்கே? வயலெட் பாகு அமிலம், காரம் எதுவென்று மட்டும் காட்டும். மற்றவையும் ஆர்செனிக்குக்கே உரியவை அல்ல. தெரிந்த சரக்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதுதான் அவர் வாதத்தின் பலம். அதைவிட முக்கியம், அவர் நிரூபித்தது பொடியைத்தான், பிணத்துக்குள் இருந்ததை அல்ல. குடல் வெந்ததுபோல் இருந்தது என்பதற்கு மேல் உடல் எதையும் சொல்லவில்லை.

அந்த இடைவெளியை 1836-இல் ஜேம்ஸ் மார்ஷ் அடைத்தார். சந்தேகப் பொருளோடு துத்தநாகமும் நீர்த்த கந்தக அமிலமும் சேர்ந்தால் ஆர்சீன் வாயு வரும். அதைச் சூடான கண்ணாடிக் குழாய் வழியாக விட்டால் உலோகம்போல் பளபளக்கும் கறுப்புப் படிவு உட்சுவரில் ஒட்டும். தப்பு நடக்கும் இடம் இரண்டு. துத்தநாகத்திலேயே ஆர்செனிக் கலப்பு இருக்கும், ஆகவே மாதிரி சேர்க்காமல் முதலில் வெறும் ஓட்டம் விட்டுப் பார்க்க வேண்டும். ஆன்டிமனியும் இதேபோல் படியும். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை விட்டால் ஆர்செனிக் படிவு கரைந்துவிடும், ஆன்டிமனி நிற்கும். ஆர்சீனே உயிரைப் போக்கும் வாயு என்பதால் இது ஆய்வகக்காரர் வேலை. 1840-இல் பிரான்ஸின் லஃபார்ஜ் கொலை வழக்கில் நஞ்சு ஆய்வாளர் ஓர்ஃபிலா இதைத் தோண்டியெடுத்த உடலில் செய்து காட்டினார்.

முறைமன்றம்

மேரிக்கு வருவோம். 1752 மார்ச் 3 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே நாளில் விசாரணை. நடுவர் குழு ஐந்தே நிமிடத்தில், இடத்தைவிட்டு எழாமலேயே குற்றவாளி என்றது. ஏப்ரல் 6-இல் தூக்கு. வசியப் பொடி என்ற வாதம் நிற்கவில்லை. அவள் உண்மையிலேயே நம்பினாளா என்று இன்று யாரும் அறுதியிட முடியாது. ஆனால் அந்த வாதத்தை ஒரு வழக்கறிஞர் மகள் 1752-இல் நீதிமன்றத்தில் சொல்லத் துணிந்தாள் என்பதையே நான் முக்கியமாகப் பார்க்கிறேன். சூனியத்தைக் குற்றமாக்கிய ஆங்கிலச் சட்டங்கள் 1736-இலேயே நீங்கிவிட்டன. அதன் பிறகு அதே பொட்டலத்தில் சட்டம் பார்த்தது பாஷாணத்தை மட்டும்தான்.

ஆங்கிலச் சட்டத்தில் ஒரு காலத்தில் இரண்டும் பக்கத்தில்தான் நின்றன. ஏதெல்ஸ்டன் அரசன் காலத்து, 930-ஐ ஒட்டிய சட்டம் 'விக்கெகிராஃப்ட்', 'லிப்லாக்' என்று சேர்த்தே சொல்கிறது. 'லிப்' என்பது மருந்து, நஞ்சு, மந்திரச் சரக்கு மூன்றுக்கும் பழைய ஆங்கிலப் பெயர். லத்தீன் இறக்குமதி ஆவதற்கு முன்பே அவர்களிடம் சொந்தச் சொல் இருந்திருக்கிறது. 1615-இல், தாமஸ் ஓவர்பரிக்கு விஷம் வைத்த கொலை வழக்கிலும், ஆன் டர்னரை விசாரித்தபோது விஷத்தோடு மந்திரப் பொம்மைகளும் மன்றத்தில் காட்டப்பட்டன. பிரான்ஸில் நஞ்சும் மந்திரமும் விற்ற லா வுவாசின் என்ற பெண் 1680-இல் எரிக்கப்பட்ட பிறகு, 1682 ஜூலை ஆணை குறிசொல்வோர், மந்திரவாதிகள், நஞ்சிடுவோர் மூவரையும் ஒரே தாளில் வைத்தது. ஆனால் அதே ஆணை மந்திரத்தைப் 'பாசாங்கு' என்றது, நஞ்சு வாங்குகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொன்னது. ஒரே தாளிலேயே பிரிவினை தொடங்கிவிட்டது.

ஏடுதேடி

சரி, தமிழ். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது என்பது இதற்குள் தெரிந்திருக்கும். என் பரிந்துரை:

பிரௌன், பிளினி, கிரேசிமுஸ் வரும் இடங்களில் 'செய்வினை'. வாயில் போவது எதுவும் இல்லை, ஒருவர் செய்கிற காரியமே கேடு. ஜான்சனுக்குச் 'சூனியக் கருவிகள்'. பவுலுஸ், பிளாண்டி பற்றி எழுதினால் 'இடுமருந்து'. நம் பேச்சிலும் 'மருந்து வைத்துவிட்டாள்' என்றால் யாரும் மாத்திரையை நினைப்பதில்லை. சோற்றில் கலந்து கொடுக்கும் வசியம், அதனால் வரும் வயிற்று நோய் இரண்டும் அதில் இருக்கிறது. மார்கியானுஸின் 'நடுநிலைச் சொல்' வாதத்தையும் 'மருந்து' ஒன்றுதான் தாங்கும். கொர்னேலியச் சட்டத்தின் தலைப்புக்கு மட்டும் 'நஞ்சிடல்'.

நச்சியல்

இடுமருந்து என்பதற்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் சட்டத் தலைப்பில் 'நஞ்சிடல்' போட்டால் அடிக்குறிப்பு கட்டாயம். இல்லையென்றால் காதல் பானம் கொடுத்தவள் ஏன் அந்தச் சட்டத்தில் சிக்கினாள் என்று வாசகருக்குப் புரியாது.

பவளமல்லி

நன்றி. பிரௌன் வரியை இப்படி வைக்கிறேன்: 'இது பழங்காலத்துச் செய்வினை வழக்கம் என்றும், அல்க்மீனாவின் பிரசவத்தைத் தடுக்க ஜூனோ இவ்வாறே அமர்ந்தாள் என்றும் சொல்வர்.' அடிக்குறிப்பில் பிளினி 28-ஆம் புத்தகத்தைக் காட்டிவிடுகிறேன்.

வேர்ச்சொல்

வரி நன்றாக இருக்கிறது. சொல்லடைவில் 'வெனிஃபிஷஸ்' என்ற மூலச்சொல்லையும் தமிழ் எழுத்தில் போட்டு, 'செய்வினை', 'இடுமருந்து', 'நஞ்சிடல்' மூன்றுக்கும் அங்கிருந்தே பக்க எண் கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்றும் ஒரே சொல்லின் பெயர்ப்பு என்பது பின்னால் பிழை திருத்துகிறவருக்குத் தெரியாமல், 'ஒருமைப்படுத்துகிறேன்' என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவார்.